அறுபதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே ஒரு எலக்ட்ரிக் கிட்டார்: எது வாங்கலாம்?

பராபவன்66:

இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை, ஆனால் பழைய இழைகளை எல்லாம் படித்துத் தீர்த்துவிட்டேன். நான் பிறந்தது 1966, பராபவ வருஷம். இந்த வருஷம் மறுபடியும் பராபவ. அறுபது முடிகிறது, அந்த மாதக் கடைசியிலேயே அரசு வேலையிலிருந்து ஓய்வும். பிள்ளைகள் திருக்கடையூரில் மணிவிழா வைப்பதாக முடிவு செய்து ஐயர், மண்டபம், சாப்பாடு வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். டெக்சாசில் இருக்கும் பெரியவன் போனில் "உங்களுக்கு என்னப்பா வேணும், வாட்சா செயினா" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.

80களின் நடுவில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன் நான். கிட்டார் குழு நடத்தியவருடையது. கச்சேரி முடிந்ததும் துடைத்து உறையில் போட்டு அவர் வேனில் ஏற்றிவிட்டு, நான் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவேன். வேலை கிடைத்த பிறகு வீட்டில் ஒரு கிவ்சன் (கிப்சன் இல்லை, நம் நாட்டுக் கம்பெனி) அக்கூஸ்டிக் மட்டும் இருந்தது, அதுவும் நெக், அதாவது கழுத்து, வளைந்து கம்பி மேலே ஏறிப்போய், ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற பார் கார்ட் பிடித்தால் கை கடுத்துவிடும். எலக்ட்ரிக் என்று ஒன்று சொந்தமாக இருந்ததே இல்லை.

பட்ஜெட் ஒன்றரை லட்சம், இழுத்தால் இரண்டு, ஆம்ப் (சத்தம் கூட்டுகிற பெட்டி) உள்பட. மனசில் இருப்பது கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாடல், செர்ரி சன்பர்ஸ்ட் நிறம். வாசிக்கப்போவது பெரும்பாலும் எம்.எஸ்.வி., ராஜா பாட்டுகள், அப்புறம் கொஞ்சம் ப்ளூஸ் கற்றுக்கொள்ள ஆசை. குடியிருப்பது அப்பார்ட்மெண்ட். சர்க்கரை இருக்கிறது. இடது கை நடுவிரல் காலையில் மடங்கினால் நிமிர அடம்பிடிக்கிறது. இதையெல்லாம் வைத்துச் சொல்லுங்கள்.

சிக்கன_சிகாமணி:

வாழ்த்துகள் சார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓய்வு பெறுகிற நேரத்தில் இரண்டு லட்சம் கிட்டாரிலா? மாதம் மாதம் வட்டி வருகிற மாதிரி எதிலாவது போட்டுவிட்டு, விலை குறைந்த ஆரம்ப மாடலாக ஒரு ஸ்குவையரோ யமஹா பசிபிகாவோ வாங்கி ஆறு மாதம் வாசித்துப் பாருங்கள். கை ஒத்துழைத்தால் பிறகு பெரியதுக்குப் போகலாம். இல்லையென்றால் நஷ்டம் பெரிதாக இருக்காது.

கோவைக்காரி:

சிகாமணி சார், அறுபதாம் கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பார்கள், தாலிக்குப் பொட்டு வாங்குவார்கள், ஊரையே கூப்பிட்டு இலை போடுவார்கள். அங்கே யாரும் சின்னதாக ஆரம்பித்து ஆறு மாதம் பார்க்கச் சொல்வதில்லையே. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வாங்கினேன், மெக்சிகோவில் செய்தது, கடல் பச்சை நிறம். என் தங்கை "இந்தக் காசுக்கு ரெண்டு பவுன் வாங்கியிருக்கலாம்" என்றாள். வாங்கியிருக்கலாம்தான். லாக்கரில் தூங்கும்.

பராபவன் சார், ஒன்றே ஒன்று. மனசில் லெஸ் பால் இருந்தால் லெஸ் பாலையே வாங்குங்கள். புத்திசாலித்தனமாக வேறு ஒன்றை வாங்கினால், சுவரில் அது மாட்டியிருக்கும், யூடியூபில் நீங்கள் லெஸ் பால் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

ஆறாம்_நரம்பு:

மேடம் சொல்வது மனசுக்குச் சரி, தோளுக்குச் சரியில்லை. நான் இன்னும் மேடையில் வாசிக்கிறவன், சபா, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம், அதனால் நேராகவே சொல்கிறேன்.

லெஸ் பால் 1952இல் வந்தது. மஹாகனி உடம்பு, மேலே மேப்பிள், முழுக் கட்டை. சாதாரணமாக நான்கு கிலோ, சிலது நாலரையைத் தொடும். உட்கார்ந்து வாசித்தாலும் தொடையில் ஒரு பக்கம் இழுக்கும், நின்று வாசித்தால் அரை மணியில் இடது தோள் பேச ஆரம்பிக்கும். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும், நீங்கள் சொல்கிற மாதிரி விரல் மாட்டிக்கொள்வதும் மற்றவர்களைவிட அதிகம் வரும். முதலில் விரலை ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், கிட்டார் அப்புறம்.

விலைக்கு வந்தால், கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் இங்கே இரண்டரை லட்சத்தைத் தாண்டும். உங்கள் பணத்துக்கு எபிஃபோன் கிடைக்கும். அது மட்டம் இல்லை. 1957லிருந்து எபிஃபோனும் அதே வீட்டுப் பிள்ளைதான், இன்றைக்குச் சீனாவில் செய்கிற மேல்தட்டு மாடல்கள் வேலைப்பாட்டில் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் நீங்கள் வாசிக்கப்போவது என்ன என்று பாருங்கள். எம்.எஸ்.வி., ராஜா பாட்டில் எலக்ட்ரிக் என்றால் பெரும்பாலும் க்ளீன் டோன். உருண்டையாக, நுனியில் கொஞ்சம் மினுக்கலோடு, பக்கத்தில் வயலின் இருந்தாலும் தனியாகக் கேட்கிற சத்தம். அதற்கு என் ஓட்டு இஎஸ் 335 மாதிரியான செமி ஹாலோ. 1958இல் கிப்சன் கொண்டுவந்த யோசனை அது: பக்கங்கள் இரண்டும் உள்ளே காலி, நடுவில் மட்டும் ஒரு மேப்பிள் கட்டை ஓடும். முழுக்கக் காலியாக இருந்தால் ஆம்ப் சத்தத்தை ஏற்றியதும் ஊளையிடும், நடுக்கட்டை அதை நிறையவே அடக்கிவிடும். ப்ளூஸ் ஆசைக்கும் இதுவே போதும், ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பெரும்பாலும் வாசித்தது இந்தக் குடும்பத்துக் கிட்டார்தான். இன்னொன்று, ஆம்ப் போடாமலே ஓரளவு கேட்கும். காலை ஐந்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்து வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் எழுந்திருக்க மாட்டார்.

ஃபஸ்_பையன்:

சார் வேற ஐடியா. பர்த் இயர் கிட்டார்! 1966 ஃபெண்டர் ஒன்று தேடுங்கள். நீங்களும் கிட்டாரும் ஒரே வயசு. வெளிநாட்டில் இது பெரிய ஃபேஷன், ஐம்பது அறுபது ஆனால் பிறந்த வருஷத்துக் கிட்டாரைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆறாம்_நரம்பு:

தம்பி, 1966 ஸ்ட்ராட் என்ன விலை என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு வா. சார் ஓய்வூதியத்தை அடகு வைக்க வேண்டியிருக்கும். அதுவும் 66 என்பது, 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்புக் கம்பெனி 1.3 கோடி டாலருக்கு வாங்கின பிறகு வந்தது, பெரிய ஹெட்ஸ்டாக் (கழுத்தின் தலைப்பகுதி) காலம். வாங்குகிறவர்கள் அதற்கு முந்தையதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஆனாலும் விலை விலைதான்.

கூடலூர்_ஈட்டி:

பர்த் இயர் கிட்டார் என்றதும் ஓடி வந்தேன். விலையை விட்டுத் தள்ளுங்கள், அதில் ஒரு மரப் பிரச்சினை இருக்கிறது.

அந்தக் காலத்து அமெரிக்கக் கிட்டார்களில் ஃபிங்கர்போர்டு, அதாவது கழுத்தின் மேல் விரல் வைக்கிற பலகை, பலதும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992லிருந்து, அழிந்துவரும் உயிரினங்களின் நாடு தாண்டிய வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலி, யானைத்தந்தம் எல்லாம் இருக்கும் அதே பட்டியல். பழைய கிட்டாராக இருந்தாலும் நாடு தாண்டுவதற்குத் தாள் வேண்டும். தாள் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினால் கிட்டாரும் போகும், பிறந்தநாளும் போகும்.

1960களின் இரண்டாம் பாதியில் பிரேசில் மரம் தட்டுப்பாடானதும் அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறின. இந்திய ரோஸ்வுட் என்றால் வேறு ஒன்றும் இல்லை, எங்கள் ஊர் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, குடகு, மலைத்தொடர் முழுக்க உண்டு. என் தாத்தா வீட்டு உத்தரம் ஈட்டி, கருநீலமும் காப்பிக் கறுப்பும் ஓடும், சீவினால் ஒரு இனிப்பு வாசம் வரும். நான் முதல்முதலில் ஒரு அமெரிக்கக் கிட்டாரைக் கையில் வாங்கியபோது கழுத்தைத் திருப்பி ஃபிங்கர்போர்டைத்தான் பார்த்தேன், நம்ம ஆள் எங்கே வந்து நிற்கிறான் பார் என்று இருந்தது.

எங்களுக்கு ஈட்டி சும்மா இல்லை. தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரத்துக்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள், பட்டா நிலத்தில் நிற்கிற மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாதபடி. அமெரிக்காவில் 2011இல் கிப்சன் ஆலையில் அதிகாரிகள் நுழைந்து மரத்தை அள்ளிக்கொண்டு போனார்களே, அது இந்தியாவிலிருந்து போன ஃபிங்கர்போர்டுத் துண்டுகள் விவகாரம். 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் மொத்தமும் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலுக்குப் போனது, உடனே ஃபெண்டர் மெக்சிகோ மாடல்களில் ரோஸ்வுட்டை எடுத்துவிட்டு பாவ் ஃபெரோ என்கிற தென்னமெரிக்க மரத்தைப் போட ஆரம்பித்தார்கள். 2019 கடைசியில் முழுசாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆகவே இன்றைக்குக் கடையில் வாங்குகிற இந்திய ரோஸ்வுட் கிட்டாருக்குப் பயம் இல்லை.

கோவைக்காரி மேடம், உங்கள் மெக்சிகோ ஸ்ட்ராட் எந்த வருஷம்?

கோவைக்காரி:

2018. பாவ் ஃபெரோதான். ரோஸ்வுட் என்று நினைத்துக்கொண்டு போனேன், கடைக்காரர் பெயரை வாயில் நுழையாமல் சொன்னார். கொஞ்சம் வெளிறின நிறம், ஆனால் எலுமிச்சை எண்ணெய் விட்டுத் துடைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வித்தியாசம் காதில் கேட்டதில்லை. கேட்கிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

பராபவன்66:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஈட்டி விஷயம் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அவள் ஊர் பந்தலூர் பக்கம். "அப்ப நம்ம ஊர் மரம் இருக்கறதா பாத்து வாங்குங்க" என்று அனுமதியே கொடுத்துவிட்டாள்.

விரலை டாக்டரிடம் காட்டினேன். ட்ரிக்கர் ஃபிங்கர் என்றார், ஆரம்ப நிலை. வாசிக்கலாம், வெந்நீரில் கையை வைத்துவிட்டு வாசி, வலித்தால் நிறுத்து என்றார். அடுத்த கேள்வி: பையன் விடுமுறைக்கு வரும்போது அமெரிக்காவிலிருந்தே கொண்டுவரச் சொல்லலாமா? அங்கே விலை குறைவு என்கிறான். ஆம்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறானாம்.

சால்டரிங்_சாமி:

ஆம்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ப்ளக்கை மாற்றிச் சொருகினால் ஒரு டப் சத்தம், அப்புறம் என் கடைக்குத்தான் வரும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் செங்கல் கனத்தில் அது ஒன்று ஹம் அடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். ஆம்ப் இங்கேயே வாங்குங்கள்.

கிட்டாருக்கு வோல்டேஜ் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, பயணப்பொருள் வரம்புக்கு மேல் மதிப்பு போனால் சுங்க வரி உண்டு, பில்லோடு வரச் சொல்லுங்கள், பில் இல்லாவிட்டால் அதிகாரி போடுவதுதான் விலை. வரி சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். இரண்டாவது, நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத கிட்டார் வரும். ஒரே மாடலில் இரண்டு கிட்டாரை அடுத்தடுத்து எடுங்கள், ஒன்று கையில் ஒட்டும், ஒன்று ஒட்டாது. அறுபதாவது பிறந்தநாளுக்கு வாங்குவதை அட்டைப்பெட்டி பிரித்துத் தெரிந்துகொள்வதா?

பனிக்கால_பாணன்:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்துக்காரன். சாமி அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் ஓட ஓட வீட்டுக்குள் ஈரப்பதம் 25 வீதத்துக்கும் கீழே போகும். மரம் சுருங்கும், ஃபிரெட் என்கிற குறுக்கு உலோகப் பட்டைகளின் நுனிகள் கழுத்தின் ஓரத்தால் வெளியே வந்து உள்ளங்கையைக் கீறும். என்னுடைய கிற்றாருக்குப் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்துத்தான் காப்பாற்றுகிறேன். உங்களுக்குத் தலைகீழ், ஈரம் கூட. மரம் ஊதும், கழுத்து முன்னால் வளைந்து கம்பி உயரும். டெக்சாஸ் ஏசி அறையில் இருந்து நேரே திருச்சிக்கு வந்தால் இரண்டு கிழமை, உங்கள் கணக்கில் இரண்டு வாரம், சும்மா வைத்துவிட்டுப் பிறகு செற்றப் செய்விப்பது நல்லது.

நான் நாற்பது வயதுக்கு ஒரு டெலிகாஸ்டர் வாங்கினேன். பெடியன் ஒருவன் கடையில் "அங்கிள், யாருக்குப் பரிசு?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

சிக்கன_சிகாமணி:

பி.பி. கிங் பெயர் மேலே வந்ததால் ஒன்று. அவருடைய 80ஆவது பிறந்தநாளை ஒட்டி கிப்சன் அவருக்கு ஒரு தனி லூசில் (தன் கிட்டார்களுக்கு அவர் வைத்த பெயர்) செய்து கொடுத்தது. 2009இல் அது திருடுபோய், லாஸ் வேகாசில் ஒரு அடகுக்கடையில் ஒருவர் தெரியாமல் வாங்கி, விசாரித்ததில் யாருடையது என்று தெரிந்து அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆகவே பராபவன் சார், எது வாங்கினாலும் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். என் வேலை இதைச் சொல்வதுதானே.

ஆறாம்_நரம்பு:

சிகாமணியும் கடைசியில் கட்சி மாறிவிட்டார்.

பராபவன்66:

முடிவு: இங்கேயே, கையில் எடுத்துப் பார்த்துத்தான். அடுத்த வாரம் சென்னை போகிறேன். மவுண்ட் ரோடில் மியூசி மியூசிக்கல் வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தது உண்டு, 1842லிருந்து இருக்கிற கடை, அங்கேயும் மற்ற இரண்டு மூன்று இடங்களிலும் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கடையில் என்ன பார்க்க வேண்டும்? எனக்குக் கார்ட் தெரியும், கிட்டாரைச் சோதிக்கத் தெரியாது.

சால்டரிங்_சாமி:

வரிசையாகச் சொல்கிறேன், யாரும் அவசரப்படுத்தினாலும் காதில் வாங்காதீர்கள்.

எடுத்ததும் வாசிக்காதீர்கள். இடது உள்ளங்கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஃப்ரெட் நுனி எங்காவது உரசினால் அந்த இடத்தில் கை தானாக நிற்கும். அப்புறம் ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டு இருக்கிறதா பாருங்கள். லேசான முன்வளைவு இருக்கலாம், முறுக்கு இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், அதற்கு மருந்து இல்லை. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்தி, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டின் மேல் என்ன இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் போதும். அதிகம் இருந்தால் நெக்குக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம், கடைக்காரரையே திருப்பச் சொல்லுங்கள், திருப்பி வேலை செய்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரு தட்டு. சலிப்பாக இருக்கும், ஆனால் செத்த ஸ்வரம் இப்படித்தான் பிடிபடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் கம்பியை ஒரு ஸ்வரம் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நடுவில் சத்தம் அறுந்தால் பக்கத்து ஃப்ரெட் உயரம் சரியில்லை. ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கிற உயரம், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடிக்கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு ஒன்றரை, உங்கள் விரலுக்கு அதற்குக் கொஞ்சம் கீழேயே வைக்கலாம், 9 கம்பி (மெல்லிய செட்) போட்டால்.

கடைசியில் ஆம்பில் போட்டு ஒவ்வொரு குமிழியையும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், கரகரப்பு வருகிறதா என்று. ஜாக்கை லேசாக ஆட்டுங்கள். செமி ஹாலோவில் ஜாக்கோ குமிழியோ கெட்டால் எஃப் வடிவ ஓட்டை வழியாக நூல் கட்டி உள்ளிருந்து இழுத்து எடுக்க வேண்டும், எங்களை மாதிரி ஆட்கள் அதற்கு இரண்டு மடங்கு கேட்போம். ஆகவே வாங்கும்போதே சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆறாம்_நரம்பு:

ஸ்கேல் நீளத்தையும், அதாவது இரண்டு தாங்கிகளுக்கு நடுவே அதிர்கிற கம்பியின் நீளத்தையும், மறக்க வேண்டாம். ஃபெண்டர் 25.5 அங்குலம், கிப்சன் வகை 24.75. முக்கால் அங்குல வித்தியாசம்தான், ஆனால் அதே கம்பி அதே சுருதிக்குக் கொஞ்சம் தளர்ந்து நிற்கும், கார்டுக்கு விரலை அவ்வளவு அகட்ட வேண்டாம். உங்கள் நடுவிரலுக்கு இது பேசும்.

கோவைக்காரி:

நான் இன்னும் லெஸ் பால் கட்சிதான். எடுத்துப் பார்க்காமல் வராதீர்கள்.

பராபவன்66:

போய்விட்டு வந்தேன்.

முதலில் லெஸ் பால்தான் எடுத்தேன், மேடம் சொன்னதற்காக இல்லை, எனக்கே மனசு கேட்கவில்லை. எபிஃபோன், நான் நினைத்திருந்த அதே சன்பர்ஸ்ட். மடியில் வைத்ததும் கனம் தெரிந்தது. ஜி மேஜர் பிடித்துக் கீழே ஒரு தடவை வருடினேன், கடையில் ஏசி ஓடியும் நெற்றி வியர்த்துவிட்டது. பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு எஃப் பார் கார்ட் பிடித்து ரிதம் வாசிக்க, மணிக்கட்டு மடங்குகிற கோணம் விரலுக்குப் பிடிக்கவில்லை, நடுவிரல் ஒரு தடவை மாட்டி, வலது கையால் நிமிர்த்திவிட்டேன். கடைப் பையன் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான், நல்ல பையன்.

அப்புறம் செமி ஹாலோ, எபிஃபோன் இஎஸ் 335, செர்ரி சிவப்பு. பார்க்க அகலமாக இருக்கிறதே, வலது கை சுற்றி வராதோ என்று நினைத்தேன். ஆனால் உடம்போடு உடம்பாக உட்கார்ந்துகொண்டது, முழங்கை மேலே சாய்ந்து நின்றது. ஆம்ப் போடாமல் ஒரு ஏ மைனர் வருடினேன். சன்னமாக, ஆனால் மரத்துக்குள்ளிருந்து வருகிற சத்தம், நெஞ்சில் தெரிகிறது. ஆம்ப் போட்டு, கம்பியின் அதிர்வை வாங்குகிற கழுத்துப் பக்கப் பிக்-அப்பில் டோனைப் பாதிக்கு இறக்கியதும், 85இல் எந்தச் சத்தத்துக்காகக் குழுவில் எல்லோரும் எக்கோ மெஷினைத் திருகிக்கொண்டு இருந்தோமோ அது சும்மா வந்தது. சாமி சார் சொன்ன வரிசை முழுக்கச் செய்தேன். ஒன்றில் பதினான்காவது ஃப்ரெட்டில் இரண்டாவது கம்பி செத்திருந்தது, உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன், எடுத்துவந்தார்கள், அது சுத்தம்.

அதைத்தான் வாங்கினேன். மீதியில் ஒரு சின்ன ஆம்ப், ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிற வசதியோடு, அப்புறம் அகலமான தோல் ஸ்ட்ராப், ஹார்ட் கேஸ், 9 கம்பி இரண்டு செட். வைகை எக்ஸ்பிரசில் கேஸை மேலே வைக்க மனசு வராமல் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கோவைக்காரி மேடம் மன்னிக்கணும். லெஸ் பாலைக் கீழே வைக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கோவைக்காரி:

மன்னிப்பெல்லாம் எதற்கு, எடுத்துப் பார்த்தீர்கள் இல்லையா, அதுபோதும். எழுபதுக்கு பீமரத சாந்தி வருமே, அப்போது லெஸ் பால். விரல் சரியாகட்டும்.

கூடலூர்_ஈட்டி:

ஃபிங்கர்போர்டு என்ன மரம் சார்? அதை முதலில் சொல்லுங்கள்.

பராபவன்66:

பெட்டியில் வந்த தாளில் லாரல் என்று போட்டிருக்கிறது. இந்தியன் லாரல்.

கூடலூர்_ஈட்டி:

அட, அது நம்ம கருமருது! ஈட்டி இல்லாவிட்டாலும் அதுவும் இந்தப் பக்கத்து மரம்தான். அக்காவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பராபவன்66:

சொல்லிவிட்டேன், பாஸ் போட்டாள். இப்போது ஒரு சந்தேகம். ஆம்பைப் போட்டால் ஒரு இரைச்சல் வருகிறது. கம்பியைத் தொட்டால் நின்றுவிடுகிறது, கையை எடுத்தால் மறுபடி. கிட்டாரில் கோளாறா? கடையில் இப்படி இல்லையே.

சால்டரிங்_சாமி:

கிட்டாரில் கோளாறு இல்லை. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். உங்கள் உடம்பு சுற்றிலும் இருக்கிற மின் இரைச்சலை வாங்கிக் கிட்டாருக்குக் கொடுக்கிறது, கம்பியைத் தொட்டதும் அது எர்த்துக்கு இறங்கிவிடுகிறது, அதனால் நிற்கிறது. உங்களுடையது ஹம்பக்கர், இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் ஹம்மைத் தின்றுவிடுகிற பிக்-அப், ஆகவே கொஞ்சம் இருப்பது சகஜம், ரொம்ப இருக்கக் கூடாது. கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்றால் வீட்டு வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும். எந்த ப்ளக் பாயிண்ட்? மூன்று பின்தானா? மேலே சீரியல் பல்பு, எல்இடி டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் ஏதாவது அதே லைனில் இருக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

பராபவன்66:

பார்த்தாயிற்று. ஹாலில் இருந்த பாயிண்டில் எர்த் வயரே இணைக்காமல் வெறும் துளை மட்டும் வைத்திருக்கிறார்கள், கட்டிக் கொடுத்த புண்ணியவான். எலக்ட்ரீஷியன் தனி எர்த் இழுத்துக் கொடுத்தார். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது, மீதி ஃபேன் ரெகுலேட்டர், அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வாஷிங் மெஷின் பாயிண்டும் அதே கதைதானாம், மனைவி அதைக் கேட்டதிலிருந்து கிட்டார் செலவைப் பற்றிப் பேசுவதில்லை.

ஃபஸ்_பையன்:

சார், மணிவிழா மண்டபத்தில் வாசிப்பீர்களா?

பராபவன்66:

பழைய குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் தஞ்சாவூரில் இருக்கிறார், பேசினேன். பேங்கோஸ் மட்டும் கொண்டுவருகிறாராம். இரண்டு பாட்டு, சாப்பாட்டுக்கு முன்னால். எஃப் பார் கார்ட் வராத பாட்டாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

ஆறாம்_நரம்பு:

எஃப்புக்குப் பயந்து பாட்டை எதற்கு மாற்ற வேண்டும், கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்துகிற கிளிப்) போடுங்கள். ஜி, சி, டி, இ மைனரில் அடங்குகிற பத்துப் பாட்டை ராத்திரி எழுதிப் போடுகிறேன்.